மூணாவது காயில் வாங்குவதற்கு முன்

இக்னிஷன் காயிலுக்குள் அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. இரும்புத் தகடு அடுக்கிய ஒரு நடுத்தண்டு, அதன்மேல் கனமான கம்பியில் சில நூறு சுற்று, தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று, எல்லாவற்றையும் மூடி எண்ணெயோ பிசினோ. தேய்வதற்கு வழியில்லாத இந்தச் சாமான் ஒழுங்காகப் பொருத்திய வண்டியில் பத்து வருடத்தைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே ஒரே வண்டியில் வருடத்துக்கு இரண்டு காயில் போகிறது என்றால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் வண்டியைச் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சந்தேகத்தை எந்த வரிசையில் படுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கீரமங்கலம் வட்டாரத்தில் பழைய வண்டி என்றால் துடைத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி இல்லை. விடியுமுன் பறித்த மல்லிகையையும் சம்பங்கியையும் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிற டிவிஎஸ், பின்னால் பலாப்பழம் கட்டிய ஆர்எக்ஸ் 100, தென்னந்தோப்புக்குள் உர மூட்டையோடு போகிற வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் என்று எல்லாமே உழைக்கிற வண்டிகள். காலையில் நடுவழியில் நின்றால் பூ வாடிவிடும், விலையும் இறங்கிவிடும். அந்த அவசரத்தில் கையில் கிடைத்த காயிலை மாட்டி அனுப்புவதுதான் நடக்கிறது. மாட்டியதும் வண்டி ஓடத்தான் செய்யும். அதனால் காயில்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடும். நாலைந்து மாதத்தில் அதே இடத்தில் வண்டி மறுபடி நிற்கும்போதுதான் தீர்ப்பில் கோளாறு என்று தெரியும்.

முதலில் உங்கள் வண்டி எந்தச் சாதி

காயில் என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு வேறு வேறு சாமான் விற்கிறது. இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் போன்றவற்றில் இருப்பது பாயிண்ட் வைத்த காயில். சாவியைப் போட்டதும் பேட்டரி மின்சாரம் காயிலின் கனமான சுற்று வழியாகப் போய், பாயிண்ட் மூடியிருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பாயிண்ட் திறக்கிற நொடியில் அந்த ஓட்டம் அறுபட, மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பாய்கிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகளிலும் பல பத்தாண்டுகள் இதேதான்.

ஆர்எக்ஸ் 100, ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் சிடிஐ. இங்கே மேக்னட்டுக்குள் இருக்கிற சிறு காயில் ஒன்று சிடிஐ பெட்டிக்குள் உள்ள கண்டன்சரை இருநூறு, முந்நூறு வோல்ட்டுக்கு நிரப்பும். சரியான நேரத்தில் பெட்டி அதை மொத்தமாக, பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கிற ஹெச்.டி. காயிலுக்குள் கொட்டும். ஓட்டம் கண்ணிமைக்கிற நேரம்கூட நீடிக்காது. அதனால் இந்தக் காயிலின் கனமான சுற்றுக்கு மின்தடை மிகக் குறைவு, பெரும்பாலும் 1 ஓமுக்குக் கீழே. பாயிண்ட் வண்டியின் 12 வோல்ட் காயிலில் அது 3லிருந்து 5 ஓம் வரை. 6 வோல்ட் காயிலில் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு ஓம்.

இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சிடிஐ காயிலைப் பார்வைக்கு ஒன்றாக இருக்கிறதே என்று பாயிண்ட் வண்டியில் மாட்டினால், பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். காயில் வேகும், பாயிண்ட் கருகும். ஒரு நாள் இரண்டு நாள் ஓடவும் செய்யும், அதுதான் ஏமாற்று.

6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாற்றிய வண்டி

இந்த வட்டாரத்துப் பழைய புல்லட்டுகளில் திரும்பத் திரும்பக் காயில் போவதற்கு என் முதல் சந்தேகம் எப்போதும் இதன்மேல்தான். வெளிச்சம் போதவில்லை, ஹாரன் கேட்கவில்லை என்று பேட்டரியையும் பல்புகளையும் 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறார்கள். டேங்குக்கு அடியில் மறைந்து கிடக்கிற காயிலை யாரும் நினைப்பதில்லை. அல்லது மாற்றிய பிறகு ஒரு தடவை காயில் போகிறது; பழசைக் காட்டி அதேபோல ஒன்று கேட்கிறார்கள்; கடைக்காரரும் அதேபோல 6 வோல்ட் காயிலையே கொடுக்கிறார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை ஓம் காயிலுக்கு 6 வோல்ட் கொடுத்தால் 4 ஆம்பியர், 24 வாட் சூடு. அதே காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர், 96 வாட். வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஓடும்போது பாயிண்ட் திறந்து திறந்து மூடுவதால் இதில் ஒரு பங்குதான் காயிலில் இறங்கும் என்றாலும், 24 வாட்டைத் தாங்கச் செய்த சாமானுக்கு அதுவே அதிகம். மெல்லிய கம்பியின் மேல் பூசிய வார்னிஷ் உருகிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பார்க் மங்கும். பிறகு ஒரு நாள் சூட்டில் நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர்கூட வேண்டாம். பழைய புல்லட்டின் ஹெட்லைட் தலையில் ஆம்பியர் மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். லைட்டையெல்லாம் அணைத்து, சாவியை மட்டும் போட்டு, டீகம்ப்ரஷரை இழுத்துப் பிடித்தபடி கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியதும் முள் கழித்தல் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வந்து நிற்கும். 12 வோல்ட் வண்டியில் சரியான காயில் என்றால் முள் 3 ஆம்பியர் சுமாருக்குச் சாயும். கடைசிவரை போய் இடித்துக்கொண்டு நின்றால் காயில் தவறு, அல்லது உள்ளே சுற்று ஒட்டியிருக்கிறது. எந்த நிலையிலும் முள் அசையவே இல்லை என்றால் பாயிண்ட் தொடவில்லை, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. சீராகக் கிக் போடுவதற்காகப் பெரியவர்கள் இந்த முள்ளைப் பார்த்தே பிஸ்டன் இருக்கிற இடத்தைக் கண்டுகொண்டார்கள். அதே முள் காயிலுக்கும் நாடி பார்த்துச் சொல்லும்.

பல்பைப் பற்றிக் கேளுங்கள்

பட்டறையில் நடக்கிற பேச்சு வழக்கமாக இப்படிப் போகும்.

“அண்ணே, காயில் போயிருச்சுண்ணே. வேற ஒண்ணு மாட்டி விடுங்க, பூவ எறக்கிட்டு வந்துர்றேன்.”

“போன தை மாசம்தானப்பா மாத்துனோம்?”

“அதுக்கப்புறம் ஆலங்குடியில ஒரு தடவ மாத்துனேன். இதோட மூணு.”

“சரி, ஹெட்லைட் பல்பு எப்ப மாத்துன?”

“அது எங்கண்ணே நிக்குது, மாசம் ஒண்ணு போகுது.”

இந்தக் கடைசிப் பதிலில் விஷயம் இருக்கிறது. பல்பு அடிக்கடி போவது, பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவது, பேட்டரி வாய்ப் பக்கம் அமில ஈரம் தெரிவது, இதெல்லாம் சார்ஜிங் வோல்ட் அளவு மீறுகிறது என்பதற்கு அடையாளம். ரெகுலேட்டர் பழுதானால் பேட்டரி மூலம் ஓடுகிற காயிலுக்கும் அந்த மிகை வோல்ட்தான் போகும். வண்டியை ஸ்டார்ட் பண்ணி நடுத்தர வேகத்துக்கு ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டு பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டரை மாற்றுகிறவரை புதுக் காயிலைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

பேட்டரி செத்துப்போய் அதைக் கழற்றி வைத்துவிட்டோ, இணைப்பு விட்டுப்போனது தெரியாமலோ ஓட்டுகிறவர்களும் உண்டு. பேட்டரி, மேடுபள்ளமாக வருகிற சார்ஜிங் மின்சாரத்தை வாங்கிச் சமன் செய்கிறது. அது இல்லாதபோது வோல்ட் குதித்துக் குதித்துப் போகும். பேட்டரியின் எர்த் கம்பியை ஃபிரேமில் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினாலே சில வண்டிகள் குணமாகிவிடுகின்றன.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அதன் இக்னிஷன் பேட்டரியை நம்பி இல்லை. பேட்டரியே இல்லாமல் அந்த வண்டி ஓடும். அதன் காயில் போவதற்குக் காரணம் வேறு.

சாவி போட்டபடி நிறுத்துவது

பாயிண்ட் வண்டிக்கு மட்டும் உள்ள வியாதி இது. வண்டி நின்றபோது பாயிண்ட் மூடிய நிலையில் இருந்து, சாவியும் திருப்பியபடியே இருந்தால் காயிலுக்குள் 3 ஆம்பியர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது கிடைக்கிற ஓய்வு அப்போது கிடையாது. கமிஷன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு வாங்கி வருவதற்குள் காயில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வெயிலில் நிற்கிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். டீகம்ப்ரஷரைப் பிடித்தோ ஆக்சிலேட்டரை அடக்கியோ இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மறக்கிறவர்கள் நிறையப் பேர். சாவி துவாரம் தேய்ந்து, சாவியை எடுத்த பிறகும் உள்ளே தொடுப்பு விடாத வண்டிகளும் இருக்கின்றன. சாவியை எடுத்த பிறகு காயிலில் வோல்ட் இருக்கிறதா என்று டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாயிண்ட் இடைவெளியும் இதோடு சேர்ந்ததுதான். கேம் மேல் உரசுகிற ஃபைபர் குதி தேயத் தேயப் பாயிண்ட் திறக்கிற அளவு குறையும். திறக்கிற நேரம் குறைந்தால் மூடியிருக்கிற நேரம் கூடும், காயிலில் மின்சாரம் ஓடுகிற நேரமும் கூடும். புல்லட் 350க்கு இடைவெளி 0.35லிருந்து 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். சிகரெட் அட்டையை வைத்துப் பார்க்கிற காலம் போதும். கேமுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் குதி நாள்பட நிற்கும். பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சரையும் மாற்றிவிடுங்கள். கண்டன்சர் கெட்டதால் மங்கிய ஸ்பார்க்கைப் பார்த்துக் காயிலைத் தூக்கி எறிவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஸ்பார்க்குக்கு வழி வேண்டும்

காயிலை வெளியிலிருந்து கொல்கிற வழிகளில் மோசமானது, நாமே சோதனை என்ற பெயரில் செய்வது. பிளக் கேப்பைக் கழற்றி அந்தரத்தில் விட்டுக் கிக் போடுவது, அல்லது கம்பி முனையை சிலிண்டர் இறக்கையிலிருந்து விரற்கடை தூரம் தள்ளிப் பிடித்து “எவ்வளவு தூரம் பாயுது பார்” என்று அழகு பார்ப்பது. பிளக் வழியாக ஸ்பார்க் போகும்போது காயில் தேவையான அளவு வோல்ட்டோடு நின்றுகொள்கிறது. வழி அடைபட்டால் தன்னால் முடிந்த உச்சம்வரை ஏறும். வெளியே பாய முடியாத அந்த வோல்ட் உள்ளேயே மெல்லிய கம்பிக்கும் இரும்புத் தண்டுக்கும் நடுவில் ஒரு துளை போட்டுக்கொள்ளும். ஒருமுறை துளை விழுந்தால் அந்தப் பாதை கரியாகி நிலைத்துவிடும். பிறகு மழைக்கால ஈரத்தில் ஸ்பார்க் பிளக்குக்கு வராது, உள்ளேயே முடிந்துவிடும்.

சோதிக்க வேண்டுமானால் நல்ல பிளக் ஒன்றைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் அழுத்தமாகத் தொடும்படி வைத்துக் கிக் போடுங்கள். பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். அதற்குப் பக்கத்தில் ஸ்பார்க்கைக் காட்டாதீர்கள். கார்புரேட்டர் ஒழுகுகிற வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம். கையில் பிடித்து ஷாக் அடிக்கிறதா என்று பார்க்கிற வீரமும் வேண்டாம், இதயக் கோளாறு உள்ளவருக்கு அது விளையாட்டில்லை.

ஓட்டத்திலேயே வழி அடைபடுவதும் உண்டு. பிளக் இடைவெளி அகன்றுகொண்டே போவது ஒன்று. பாயிண்ட் புல்லட்டுக்கு 0.45லிருந்து 0.50 மி.மீ., ஆர்எக்ஸ் 100க்கு 0.6லிருந்து 0.7 மி.மீ. வருடக்கணக்கில் ஓடிய பிளக்கில் முனை தேய்ந்து இது ஒரு மி.மீட்டரைத் தொட்டிருக்கும். இடைவெளி கூடக்கூடக் காயில் ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் கூடுதல் வோல்ட் எழுப்ப வேண்டும். இன்னொன்று பிளக் கேப். அதற்குள் 5000 ஓம் அளவில் ஒரு தடை வைத்த கேப்கள் அதிகம். அந்தத் தடை கருகிப்போனால் மீட்டரில் லட்சக்கணக்கில் காட்டும், அல்லது எதுவுமே காட்டாது. காயில் மாற்றும்போது பழைய கேப்பையே திருகி மாட்டுவதுதான் வழக்கம். மூன்று காயிலையும் கொன்றது அந்தக் கேப்பாகவே இருக்கலாம், அது காயிலை விட எவ்வளவோ மலிவு.

பாயிண்ட் காயிலில் இரண்டு முனையும் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். பழைய லூகாஸ் வழிக் காயில்களில் சாவியிலிருந்து வருவதற்கு எஸ்.டபிள்யூ., பாயிண்ட்டுக்குப் போவதற்கு சி.பி. என்று பொறித்திருக்கும். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும். ஆனால் ஸ்பார்க் பிளக்கின் குளிர்ந்த வெளிமுனையிலிருந்து கிளம்ப வேண்டியிருப்பதால் எப்போதும் கூடுதல் வோல்ட் கேட்கும்.

எர்த், ஈரம், உப்பு, எலி

சிடிஐ வண்டிகளில் ஹெச்.டி. காயிலின் எர்த் பெரும்பாலும் அதன் இரும்புத் தண்டு வழியாக, அதை ஃபிரேமில் பிடிக்கிற போல்ட்டின் வழியாகவே கிடைக்கிறது. வண்டிக்கு ஆசையாகப் பெயின்ட் அடிக்கிறோம். காயில் உட்காருகிற இடத்திலும் பெயின்ட் பட்டுவிடும். புதுக் காயிலை அதன்மேல் வைத்துத் திருகினால் எர்த் அரைகுறை. ஸ்பார்க் திரும்பி வருவதற்கு வேறு வழி தேடிக் காயிலுக்குள்ளேயோ சிடிஐ பெட்டிக்குள்ளேயோ புகும். பெயின்ட் அடித்த பிறகு காயில் போக ஆரம்பித்த ஆர்எக்ஸ் என்றால் முதலில் அந்த இரண்டு போல்ட்டையும் கழற்றி உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். அத்தோடு காயில் போல்ட்டிலிருந்து இன்ஜின் போல்ட்டுக்கு ஒரு தனி எர்த் கம்பி இழுத்துவிட்டால் இந்தக் கதை முடிந்தது.

காயில் லொடலொடவென்று ஆடக்கூடாது. அதிர்வில் உள்ளே கம்பி முனை விட்டுப்போகும், பிசின் மூடி கீறும். அந்தக் கீறலில் ஈரம் இறங்கும். இந்தப் பக்கம் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு பக்கம். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த சாக்கு மூட்டை வண்டி மேலேயே சொட்டிக்கொண்டு வருவது இன்னொரு பக்கம். போர் தண்ணீர்க் குழாயை நேரே டேங்குக்கு அடியில் பீய்ச்சிக் கழுவுகிறோம், அதுவும் இன்ஜின் சூடாக இருக்கும்போதே. சூடான காயில் சட்டென்று குளிரும்போது பிசினும் செம்பும் வேறு வேறு அளவில் சுருங்கி விரிசல் விடும். வாட்டர் சர்வீஸ் விடுகிறவர்கள் காயில் மேல் ஒரு பாலித்தீன் பையைக் கட்டச் சொல்லலாம், கழுவி முடித்ததும் மறக்காமல் அவிழ்க்க வேண்டும்.

கட்டுமாவடியிலிருந்து மீன் பெட்டி கட்டி வருகிற வண்டிகள் தனி ரகம். பெட்டியிலிருந்து ஒழுகுகிற ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது. செம்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு பிடித்துவிடும். களிம்பு ஏறிய இணைப்பு சூடாகும், விட்டு விட்டுத் தொடும். விட்டு விட்டுத் தொடுகிற இணைப்பு ஒவ்வொன்றும் காயிலுக்கு அடி. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து, முனைகளில் கொஞ்சம் வாசலைன் தடவினால் போதும்.

தோப்புக் கொட்டகையில் நிறுத்துகிற வண்டியில் எலியும் அணிலும் ஹெச்.டி. கம்பியின் தோலைக் கடித்து வைத்திருக்கும். பகலில் தெரியாது. இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால் கம்பியிலிருந்து ஃபிரேமுக்கு நீலமாகப் பொறி தாவுவது தெரியும். அதன்மேல் டேப் சுற்றி வேலையில்லை. பல ஆயிரம் வோல்ட்டைச் சாதாரண இன்சுலேஷன் டேப் தாங்காது. கம்பியை மாற்றத்தான் வேண்டும்.

சூட்டில் நின்று ஆறினால் ஓடுகிற வண்டி

அறந்தாங்கி போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடுகிறது, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இதைக் கேட்டதும் எல்லோரும் காயில் என்பார்கள். காயிலாகவும் இருக்கலாம். மேக்னட்டுக்குள் இருக்கிற காயில், ஸ்பார்க் நேரத்தைப் பெட்டிக்குச் சொல்கிற பிக்கப் காயில், சிடிஐ பெட்டி என்று மூன்று பேருமே இப்படி நடிக்கக்கூடியவர்கள். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் இதே நாடகம்தான். டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் இறங்குவது நிற்கும். ஆறுகிற நேரத்தில் மெல்லக் கசிந்து கார்புரேட்டர் நிறையும்.

நின்ற இடத்தில், ஆறுவதற்குள் செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான். டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் அல்லது திறந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆனால் காயிலைத் தொடவே வேண்டாம். இல்லையென்றால் உடனே ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் நன்றாக இருந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். ஸ்பார்க் இல்லையென்றால், தெரிந்த நல்ல காயில் ஒன்றைக் கையோடு வைத்திருந்து, பழைய காயிலைக் கழற்றாமலே அதன் கம்பிகளை மட்டும் பிடுங்கி இதற்கு மாட்டி, இதன் உடம்பை ஃபிரேமில் ஒரு கம்பியால் எர்த் கொடுத்துக் கிக் போடுங்கள். ஸ்பார்க் வந்தால் காயில் குற்றவாளி என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. வரவில்லை என்றால் மேக்னட் பக்கமோ சிடிஐயோ, பாயிண்ட் வண்டியாக இருந்தால் கண்டன்சரோ. ஆர்எக்ஸில் இப்படி நிற்கிற வண்டிகளில் மேக்னட் காயிலைச் சந்தேகப்படாமல் ஹெச்.டி. காயிலையே மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு.

வீட்டுக்கு வந்து ஆறிய பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயனில்லை. ஆறிய காயில் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

மல்டிமீட்டரும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. செம்பின் தடை ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். காலையில் 4 ஓம் காட்டிய காயில் 50 டிகிரி கூடுதல் சூட்டில் 4.8 காட்டினால் அது பழுதில்லை, இயற்கை. சிடிஐ காயிலின் அரை ஓமை அளக்கும்போது முதலில் மீட்டரின் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டுகிற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டரில் அந்தக் கழிவே அரை ஓம் இருக்கும். மெல்லிய சுற்றில் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்தது உறுதி. சரியாகக் காட்டினால் காயில் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது. மீட்டர் கொடுப்பது ஒன்பது வோல்ட் பேட்டரியின் சோதனை. உள்ளே துளை விழுந்த இடம் பல ஆயிரம் வோல்ட்டில்தான் வாய் திறக்கும்.

வாங்குவது, மாட்டுவது

கடையில் காயில் வாங்கும்போது உங்கள் மீட்டரையும் எடுத்துப் போங்கள். கனமான சுற்றை அளந்து பார்க்க அரை நிமிடம் போதும். அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள். பெட்டியில் அச்சு மங்கலாக, பிசின் மேடுபள்ளமாக, கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் எடையில்லாமல் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது அந்த விலைக்கும் பெறாது. ஆனால் போலிச் சாமான் என்ற குற்றச்சாட்டை எளிதில் நம்பாதீர்கள். கம்பெனிக் காயிலும் அதே வண்டியில் அதே கதியைத்தான் அடைந்தது என்றால் போலியின்மேல் பழி போட முடியாது.

காயிலோடு புது ஹெச்.டி. கம்பி, புது பிளக் கேப், புது பிளக் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். பாயிண்ட் வண்டிக்குக் கண்டன்சரும். காயில் உட்காருகிற இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்குங்கள். சிலிண்டர் தலையின் அனல் நேரே அடிக்கிற இடமாக இருந்தால் ஒரு சிறு பட்டை வைத்து விரலளவு தள்ளி வைக்கலாம். டேங்கை மறுபடி மாட்டும்போது அதன் அடிவிளிம்பு ஹெச்.டி. கம்பியை நசுக்காமல் பாருங்கள். ஹேண்டில் பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியபடி இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது இன்ஜின் திணறினால் கழுத்துப் பகுதியில் கில் சுவிட்ச் கம்பியின் தோல் உரிந்து ஃபிரேமில் தொடுகிறது என்று அர்த்தம். அது காயிலைக் கொல்லாது, ஆனால் நாளைக்குக் காயிலின்மேல் பழியைப் போடும்.

முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டுக் காயிலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். விரலை வைத்து ஐந்து எண்ண முடியாத சூடு என்றால் வோல்ட், ஓம், பாயிண்ட் இடைவெளி மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும், புதுக் காயில் இன்னும் பிழைத்திருக்கும்போதே. மாற்றிய தேதி, காயிலின் ஓம் அளவு, அன்றைய சார்ஜிங் வோல்ட் ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டூல் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை அந்த வண்டியைத் திறக்கிற ஆள் பேராவூரணியில் வேறு யாரோவாக இருக்கலாம்.